எண்பதாம் துளை

"பதினோரு வரியா? இது ப்ரோகிராமா, ஞாயித்துக்கெழம பிரசங்கமா?"

தௌனோ இதைக் கேட்டது புதன்கிழமை மாலை, குளிர்கோட்டுக்குள் கையை நுழைத்துக்கொண்டே. கேட்டார், சிரித்தார், பேருந்தைப் பிடிக்கப் போய்விட்டார். ஹில்ப்பாவுக்குத்தான் அந்தச் சொல் காலணிக்குள் புகுந்த கல்லாக உறுத்திக்கொண்டே இருந்தது. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அலுவலகக் கதவைத் திறந்தபோதும் அது அங்கேயேதான் இருந்தது.

ஹார்யுலஹ்தி சாலை அலுவலகத்தின் கணக்கு அறையில் அவர்கள் இருவர்தான். ஏரி உறைந்து கெட்டியானதும் அதன்மேல் ஒன்பது சாலைகள் திறக்கும். கரையிலிருந்து தீவுகளுக்கும், தீவிலிருந்து தீவுக்கும் மார்ச் கடைசிவரை வண்டிகள் போய்வரும். வழி நெடுகக் கம்பங்கள், ஒவ்வொரு கம்பத்தடியிலும் ஒரு துளை. வைனோ என்ற ஊழியர் விடியலில் துளையிட்டு, பனிக்கட்டியின் கனத்தை அளந்து, தொலைபேசியில் எண்களைச் சொல்வார். எந்தச் சாலையில் எத்தனை டன் வண்டி போகலாம் என்று ஒன்பதரை மணிக்குள் வானொலிக்குச் சொல்ல வேண்டியது ஹில்ப்பாவின் பொறுப்பு. சொல்லிவிட்டு, எடை குறைக்க வேண்டிய சாலைகளின் கரைக் காவலர்களுக்கும் ஃபோன் போட்டு, சாலைமுனைப் பலகையில் எடை எண்ணை மாற்றச் சொல்வாள்.

ஆக மொத்தம் நூற்று நாற்பது துளைகள். ஒன்பது சாலைக்கும் சேர்த்து அவற்றை ஒரே நீள வரிசையாகத்தான் கணினியில் நிறுத்தியிருந்தாள். அவர்கள் ப்ரோகிராம் எழுதிய ஏ.பி.எல். என்ற கணினி மொழியின் குணம் அப்படி. வரிசையைப் பார்த்து "எல்லாரும் இரட்டிப்பாகுங்கள்" என்றால் நூற்று நாற்பது பேரும் ஒரே மூச்சில் இரட்டிப்பாவார்கள். ஒவ்வொருவர் வாசலாகப் போய்க் கதவு தட்ட வேண்டாம். மொத்தத்துக்கும் கட்டளையிடுவது யாருக்கும் வரும். வரிசையில் ஒரு துண்டுக்கு மட்டும், மற்றவர்களைத் தொடாமல் கட்டளையிடுவதில்தான் ஆளின் கைத்திறன் தெரியும். அதற்காகத் துணைக்கு இன்னொரு வரிசை வைத்திருந்தாள்: புதுச் சாலை தொடங்கும் இடத்தில் ஒன்று, மற்ற இடமெல்லாம் பூஜ்யம். அதைக் காட்டி, "சாலைக்கொரு மெல்லிய துளை எது?" என்று கேட்டால் ஒன்பது எண்கள் வந்து விழும். சாலையின் பலம் அதன் மிக மெல்லிய துளையின் பலம்தானே.

அந்தப் பதினோரு வரிகள், வைனோ சொல்லும் புதிய அளவுகளை உரிய இடங்களில் மட்டும் மாற்றிவைப்பதற்காக நான்கு வருடம் முன் அவள் எழுதியவை. அதே வேலையைத் தௌனோ ஒரே வரியில் எழுதிக் காட்டிவிட்டார். வலமிருந்து இடமாகப் படித்துக்கொண்டே போனால், கடைசி குறியில் எல்லாம் பூப்போல விரிந்தது. அழகாகத்தான் இருந்தது. அந்த அழகுதான் அவளைத் தூங்கவிடாமல் அடித்தது.

எட்டு பத்துக்கு வைனோ கூப்பிட்டார். முப்பத்தெட்டுத் துளைகளை மறுபடி அளந்திருந்தார். மளிகைப் பட்டியல் வாசிப்பதுபோல் அவர் சொல்லிக்கொண்டே போக, இவள் எழுதிக்கொண்டே போனாள். அந்த வருடம் இரண்டாம் சாலையை நீட்டியதில் கம்பங்களின் எண்கள் எல்லாம் தள்ளிப்போயிருந்தன. எந்த எண் எந்தச் சாலை என்று முன்போல மனப்பாடமாக வரவில்லை. "எண்பது, முப்பத்தொண்ணு" என்றபோது மட்டும் பேனா ஒரு கணம் நின்றது.

"முப்பத்தொண்ணு சென்டிமீட்டரா?"

"ரெண்டு தடவ அளந்தேன். தண்ணி அடியில ஓட ஆரம்பிச்சிருக்கு. அடுத்து எண்பத்தஞ்சு, அம்பத்தாறு. எழுதிக்கிறியா, தூங்கறியா?"

எழுதி முடித்து, எட்டு நாற்பதுக்கு டெர்மினலில் உட்கார்ந்தாள். தன் பதினோரு வரிகளைக் கூப்பிடக் கை போனது. போன கை நின்றது. எதிர்மேசையில் தௌனோ காபியை ஊதிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, பிரசங்கம் ஆரம்பிக்கலயா?"

"இன்னைக்கு உங்க வரியத்தான் போடறேன். போதுமா?"

"ஆகா! எங்க, சொல்லு பாப்போம், ஆமென்!"

கணினிக்குள் ஆளுக்கொரு பணிமேடை உண்டு; அவரவர் வரிகளும் எண்களும் அதில்தான் இருக்கும். அவரது மேடையிலிருந்து அந்த ஒரு வரியைத் தன்னுடையதற்குள் இழுத்துக்கொண்டாள். முப்பத்தெட்டு எண்களையும் கொடுத்தாள். கண் இமைப்பதற்குள் முடிந்துவிட்டது. ஒன்பது சாலைக்கும் எடை வந்தது: நாலாம் சாலைக்கு எட்டு டன், ஐந்தாம் சாலைக்கு மூன்று டன். முப்பத்தொன்று சென்டிமீட்டர் எங்கோ இருந்ததே, அது ஐந்தாம் சாலைதான் போல என்று நினைத்துக்கொண்டாள். ஒன்பதரைக்கு வானொலி சொல்லிவிட்டது. ஐந்தாம் சாலைக் கரையில் பலகையும் மாறிவிட்டது.

வேலை முடிந்தும் கால் நிற்கவில்லை. ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்தாள். பேனா மூடியைக் கழற்றினாள், மாட்டினாள். காபி ஆறி மேலே படலம் கட்டியது. ஏதோ ஒன்றை அடுப்பில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டதுபோல ஓர் எண்ணம். என்ன என்றுதான் தெரியவில்லை. வரி அழகாக இருக்கிறதே என்ற பொறாமையாக இருக்கும் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

பத்து ஐந்துக்குத் தொலைபேசி அடித்தது. ஐந்தாம் சாலைக்கு அப்பாலிருக்கும் தீவில் மாடு வளர்க்கும் ஹெய்மோ.

"ஏம்மா, பால் லாரிய எதுக்கு திருப்பி அனுப்பினீங்க? தொட்டி நிரம்பி வழியுது இங்க."

"பனி மெலிஞ்சிருக்குங்க. மூணு டன்தான் தாங்கும்."

"யாரு சொன்னா? நேத்து மீன் பிடிக்க நான் தொளை போட்டேன், மொழங்கைக்கு மேல இருந்துச்சு. அது பனியில்ல, தேவாலயத் தரை."

"நீரோட்டம் ராத்திரியில மாறும். நாங்க அளந்துதான் சொல்றோம்."

"நீங்க அளந்தீங்களா? ஆபீசுல கணப்புக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டா?"

அவள் வணக்கம் சொல்லி வைத்துவிட்டாள். சாலையை அடைத்த நாளெல்லாம் இப்படி நாலு பேர் கூப்பிடுவது வழக்கம். இதைக் கேட்டுச் சாலை திறந்தால் வருடத்துக்கு இரண்டு லாரி ஏரிக்கடியில்தான் நிற்கும்.

"யாரு?" என்றார் தௌனோ.

"பால்காரர். திட்டறார்."

"திட்டினா சரியாத்தான் வேலை செய்யறோம்னு அர்த்தம்."

அவள் சிரித்தாள். ஆனால் உட்காரவில்லை.

பத்து ஐம்பதுக்கு மறுபடி ஹெய்மோ. இந்த முறை மூச்சு வாங்கியது. குரலில் கோபமில்லை, ஒருவித நிதானம் இருந்தது. அதுதான் ஹில்ப்பாவை நிமிர வைத்தது.

"ஏம்மா, எங்க சாலையில எந்தக் கம்பம் கெட்டுப்போச்சு? நம்பரச் சொல்லுங்க."

அச்சிட்ட தாளை இழுத்து, ஐந்தாம் சாலை தொடங்கும் இடத்தில் விரலை வைத்தாள். "மொதக் கம்பம். எண்பத்தொண்ணு. முப்பத்தொண்ணு சென்டிமீட்டர்."

"நான் இப்ப அங்கேருந்துதான் வரேன். என் துளைக்கோலோட போனேன். எண்பத்தொண்ணாம் கம்பத்துக்குக் கீழ அம்பத்தேழு இருக்கு. சுத்தி மூணு எடத்துல போட்டுப் பாத்தேன். அம்பத்தேழு, அம்பத்தேழு, அம்பத்தெட்டு."

"ஒரு நிமிஷம் இருங்க."

வைனோ சொன்ன பட்டியலை எடுத்தாள். அவள் கையெழுத்து. எண்பது, முப்பத்தொன்று. அடுத்த வரி எண்பத்தைந்து. எண்பத்தொன்று என்ற எண்ணே பட்டியலில் இல்லை.

அளக்காத துளைக்குப் புது அளவு எப்படி வந்தது?

இந்த மொழிக்காரர்களுக்குள் தீராத ஒரு வழக்கு உண்டு. வரிசையில் நிற்கும் முதல் ஆளைப் பூஜ்யம் என்று எண்ணலாம், ஒன்று என்றும் எண்ணலாம். பணிமேடையின் தலையில் ஒருமுறை சொல்லிவைத்தால் கணினி அதன்படி நடக்கும். ஹில்ப்பா பூஜ்யக் கட்சி. தௌனோ ஒன்றுக் கட்சி, "உங்க வீட்டு மூத்த பிள்ளைக்குப் பேரு பூஜ்யமா?" என்று பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பவர். கம்பங்களோ ஒன்றிலிருந்து தொடங்குபவை. அதனால்தான் அவளது பதினோரு வரியில் மூன்றாவது வரி, வந்த எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்துக்கொள்ளும். தௌனோவின் வரியில் கழித்தல் இல்லை. அவர் மேடையில் அதற்கு வேலையும் இல்லை. அந்த வரியை அவள் தன் மேடைக்குக் கொண்டுவந்தாள். எண்பது என்று சொன்னால் இங்கே எண்பத்தொன்றாம் ஆள்தான் திரும்பிப் பார்ப்பான்.

முப்பத்தெட்டு எண்களும் ஒரு படி தள்ளி உட்கார்ந்திருந்தன. மற்றவை அதனதன் சாலைக்குள்ளேயே நகர்ந்ததில் எதுவும் வெளியே தெரியவில்லை. எண்பதாம் துளை மட்டும் நாலாம் சாலையின் கடைசித் துளை. அதன் முப்பத்தொன்று எல்லை தாண்டிப்போய் ஐந்தாம் சாலையின் தலையில் உட்கார்ந்துவிட்டது. கெட்டியான சாலை அடைபட்டிருந்தது. மெலிந்த சாலை எட்டு டன்னுக்குத் திறந்து கிடந்தது.

நாலாம் சாலை ஹோங்கசாரித் தீவுக்குப் போவது. வியாழக்கிழமை.

"ஐயோ" என்றாள் ஹில்ப்பா. "இர்மெலி."

இர்மெலி அவள் தங்கை. மாவட்டத்தின் நூலகப் பேருந்தை ஓட்டுபவள். இரண்டாயிரம் புத்தகங்களோடு ஏழரை டன். வியாழக்கிழமைகளில் பதினொன்றுக்குக் கரைப் பள்ளியில் கடையைக் கட்டிக்கொண்டு ஹோங்கசாரிக்குக் கிளம்புவாள்.

ஹெய்மோவிடம் என்ன சொல்லி வைத்தாள் என்று பிறகு யோசித்தபோது நினைவு வரவில்லை. நாலாம் சாலைக் காவலர் வீட்டு எண்ணைச் சுழற்றினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. விறகு கொண்டுவரப் போயிருப்பார். பள்ளிக்குச் சுழற்றினாள்.

"நூலக பஸ்ஸா?" என்றாள் அங்கிருந்த ஆசிரியை. "இப்பதான் பனியில எறங்குது, ஜன்னல் வழியா தெரியுதே. இன்னைக்குப் பிள்ளைங்களுக்கு முழுப்பரீட்சை, அதனால சீக்கிரமே கெளம்பிட்டா. என்ன விஷயம்?"

"ஓடிப் போய் நிறுத்த முடியுமா?"

"ஓடியா? அவ ஓட்டற வேகத்துக்கா?"

மணி பத்து ஐம்பத்தாறு. பாதை ஆறு கிலோமீட்டர். முப்பதுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. இர்மெலி நாற்பதில் போவாள். ஒன்பது நிமிடம். தௌனோ காபியை வைத்துவிட்டு எழுந்து நின்றார். "தீவுக் கடைக்குப் போடு," என்றார். "லெம்பி இருப்பா."

லெம்பி இரண்டாம் மணியிலேயே எடுத்தாள்.

"லெம்பி, நான் சாலை ஆபீஸ்ல இருந்து ஹில்ப்பா. நூலக பஸ் தீவுக் கரையை நெருங்கக்கூடாது. கடைசிக் கம்பத்துக்குக் கீழ பனி தாங்காது."

"அட கடவுளே. இங்க எட்டு பேரு புத்தகத்தோட நிக்கிறாங்க. போய் கைகாட்டி நிறுத்தச் சொல்லட்டுமா?"

"நிறுத்தக்கூடாது!"

"நிறுத்தவும் கூடாது, வரவும் கூடாதுன்னா என்னம்மா செய்யறது அவ? பறக்கறதா?"

"நின்ன வண்டிய பனி நகர்ற வண்டி மாதிரி தாங்காது. மெதுவா திருப்பணும். எழுபதாம் கம்பத்துக்கிட்ட பனிய அகலமா ஒதுக்கியிருக்கு, அங்க திரும்பலாம். பக்கத்துல யாரும் கூட்டம் போடக்கூடாது. உங்க வீட்டுல பனி ஸ்கூட்டர் இருக்குல்ல?"

"எங்க ஆளு இப்பதான் அதுல விறகு..." பாதியில் லெம்பி ரிசீவரை எங்கோ வைத்துவிட்டு, யாரையோ பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது.

அதன்பிறகு வெறும் கடை. ஹில்ப்பா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். கடையின் சுவர்க்கடிகாரம் கேட்டது. ஒரு நாய் நகத்தால் தரையைக் கீறிக்கொண்டு நடந்தது. யாரோ ஒரு கிழவர், "போன வாரம் குடுத்த துப்பறியும் கதையில கடைசிப் பக்கத்தக் காணோம், அத அவகிட்டக் கேக்கணும்," என்றார். இன்னொருவர், "இரு, மொதல்ல அவ வரட்டும்," என்றார். பனி ஸ்கூட்டர் உறுமிக் கிளம்பும் சத்தம் கேட்டதா, கேட்டதுபோல அவளே நினைத்துக்கொண்டாளா தெரியவில்லை.

தொலைபேசிக் கம்பி எட்டும் தூரம்வரை நடந்தாள். இரண்டு அடி அந்தப் பக்கம், இரண்டு அடி இந்தப் பக்கம். கணக்குப் போடும் மூளை சும்மா இருக்குமா? இந்நேரம் அறுபத்தெட்டு. இந்நேரம் எழுபத்திரண்டு. திரும்பும் இடத்தைத் தாண்டியிருப்பாள். எழுபத்தைந்து.

"ஹில்ப்பா," என்றார் தௌனோ.

"பேசாதீங்க."

பதினொன்று ஏழுக்கு ரிசீவரில் கதவு திறந்தது. காலணிகளின் தடதடப்பு. யாரோ ரிசீவரை எடுத்தார்கள். எடுத்தும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்களே தவிர பேசவில்லை.

"லெம்பி? லெம்பி, சொல்லுங்க!"

"திரும்பிருச்சும்மா. எழுபத்தேழுல எதிர்ல போய்ப் பிடிச்சார். எடமில்ல, பனிமேட்ட இடிச்சுக்கிட்டு முன்னும் பின்னுமா ஆறு தடவ... போயிருச்சு. வால் வெளக்கு தெரியுது. போயிருச்சு."

ஹில்ப்பா உட்கார்ந்தாள். காலையிலிருந்து இப்போதுதான் உட்காருகிறாள்.

பிறகு செய்ய வேண்டியவற்றை முறையாகச் செய்தாள். பழைய பதினோரு வரியை ஓட்டினாள். நூற்று நாற்பது எண்களையும் பட்டியலோடு விரல் வைத்து ஒப்பிட்டாள். வேறு எந்தச் சாலையின் எடையும் மாறவில்லை. வானொலிக்குத் திருத்தம் சொன்னாள். ஐந்தாம் சாலையைத் திறக்கச் சொன்னாள். நாலாம் சாலைக் காவலர் இதற்குள் விறகோடு வந்துவிட்டிருந்தார். பலகையில் மூன்று டன் ஏறியது. மேலதிகாரிக்கு அறிக்கை எழுதத் தாளைச் சொருகினாள்.

"கணினியில் ஏற்பட்ட ஒரு குழப்பத்தால்னு ஆரம்பி," என்றார் தௌனோ, தன் மேசையிலிருந்து, அவளைப் பார்க்காமல்.

"கணினி குழம்பல. சொன்னதத்தான் செஞ்சுது."

"என் வரி சரிதான், ஹில்ப்பா. என் எடத்துல."

"சரிதான். நான்தான் எடம் மாத்தினேன்."

அவர் காபிக் கோப்பையை ஓரமாக நகர்த்திவைத்தார். பிறகு, "எங்கேருந்து எண்ணுதுன்னு தலையில எழுதி வச்சிருக்கணும்தான்," என்றார். "எழுதினா ரெண்டு வரி ஆயிடும்னு விட்டுட்டேன்."

பதினொன்று நாற்பதுக்கு இர்மெலி பள்ளியிலிருந்து கூப்பிட்டாள். குரல் ஒரு சுருதி ஏறியிருந்தது. பயந்தால் அவளுக்கு அப்படித்தான் ஆகும்.

"அக்கா! உயிரோட இருக்கேன். திருப்பும்போது பின்சக்கரத்துக்குக் கீழ துணி கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம் போச்சு பாரு, நேரா கரை வரைக்கும் ஓடிச்சு. கவிதை அலமாரி மொத்தமும் என் தலையில. கவிதையால சாகப்போறேன்னு நெனச்சேன்." சிரித்தாள். "லெம்பி வீட்டுக்காரர் சொன்னார், நீ ஃபோன்லயே நின்னியாமே. நீ மட்டும் கண்டுபிடிக்கலைன்னா..."

ஹில்ப்பா தட்டச்சில் பாதி நின்றிருந்த தாளைப் பார்த்தாள். இந்த நன்றியை வாங்கிக்கொண்டு ரிசீவரை வைத்துவிடலாம். யாரும் குறை சொல்லப்போவதில்லை.

"நான் கண்டுபிடிக்கல, இர்மெலி. நான்தான் பண்ணேன்."

"என்ன பண்ணே?"

"எண்பதாம் துளையோட அளவ எண்பத்தொண்ணுல வச்சேன். ஒரு வரி அழகா இருந்துதுன்னு எடுத்துப் போட்டேன். சரிபார்க்கல."

அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்து மணி அடித்து ஓய்ந்தது.

"எப்பத் தெரிஞ்சுது?"

"பத்து அம்பதுக்கு."

"அதுக்கு முன்னால ஒண்ணும் தெரியாதா?"

"பத்து அஞ்சுக்கே பால்காரர் சொன்னார், பனி கெட்டியா இருக்குன்னு. அவர் பேச்ச நான் எடுத்துக்கல. எடுத்திருந்தா நீ பனியில எறங்கியிருக்கவே மாட்டே."

இர்மெலி வைத்துவிட்டாள். ஹில்ப்பா தங்கையிடம் சொன்னதையே வரிசை மாறாமல், மணியோடு, அறிக்கையில் எழுதினாள். எட்டு பத்து. எட்டு நாற்பது. பத்து ஐந்து. பத்து ஐம்பது. கையெழுத்துப் போட்டு உறைக்குள் வைத்தாள். தௌனோ அதை வாங்கிப் படித்துவிட்டு, அவள் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.

மாலை கிளம்பும் நேரத்துக்குத் தொலைபேசி மறுபடி அடித்தது. இர்மெலிதான். முன்னுரை எதுவும் இல்லை.

"ஹோங்கசாரியில எட்டு பேருக்குப் புத்தகம் போகல. பஸ் போகாது. நடந்து போனா அந்த எடம் தாங்குமா, தாங்காதா?"

"ஆள் நடக்கலாம். நல்லாத் தாங்கும்."

"நல்லாத் தெரியுமா?"

"வைனோவ மறுபடி அளக்கச் சொல்றேன். நானும் கூட நிக்கறேன்."

"அப்ப சனிக்கெழம வா. சறுக்குவண்டி நான் கொண்டாறேன். நீ இழு."

சனிக்கிழமை காலை மைனஸ் பதினெட்டு, காற்றில்லை. நான்கு பெட்டிப் புத்தகங்கள் கட்டிய சறுக்குவண்டியை ஹில்ப்பா இழுத்தாள். இர்மெலி பத்தடி பின்னால் வந்தாள். கரையிலிருந்து ஒன்றரை மணிநேரம் இருவரும் பேசவில்லை. எழுபத்தேழாம் கம்பத்தருகே பனிமேட்டில் பெரிய சக்கரங்கள் முன்னும் பின்னுமாக உழுத தடம் இறுகிக் கிடந்தது. அதைப் பார்த்ததும் ஹில்ப்பாவின் கால் தானாக நின்றது.

"நிக்காதே," என்றாள் பின்னாலிருந்து இர்மெலி. "பனிமேல நிக்கக் கூடாதுன்னு போர்டு வச்சவ நீதானே?"

ஹில்ப்பா கயிற்றைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள். எண்பதாம் கம்பத்தைச் சுற்றிப் பனி கறுத்திருந்தது. காலையில் வைனோ போட்ட துளையில் நீர் மெல்ல ஏறி இறங்கியது. முப்பது சென்டிமீட்டர், அவளே அளவுகோலைப் பிடித்துப் பார்த்தது. காலடியில் சத்தமில்லை. கரையில் லெம்பியும் மற்றவர்களும் நிற்பது தெரிந்தது. துப்பறியும் கதைக்காரர் ஏற்கெனவே கையை ஆட்டி ஏதோ கத்திக்கொண்டிருந்தார்.

பத்தடி பின்னால் வந்த காலடி நெருங்கியது. இர்மெலி பக்கத்தில் வந்து, கயிற்றின் மறு பாதியைப் பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"மெதுவா இழுக்கறே," என்றாள்.